அப்டேட்டுக்குப் பிறகு வாய்ஸ் அசிஸ்டென்ட் செட்டிங்ஸ் மாறிவிட்டதா? புதியவர்களுக்கான வழிகாட்டி

ஐஃபோனில் பேசினால் பதில் சொல்லும் சிரி வேண்டாம் என்று ஆஃப் செய்து வைத்திருப்பீர்கள். அல்லது பழைய கூகுள் அசிஸ்டென்டே போதும், கூகுளின் புதிய ஏஐ உதவியாளர் ஜெமினி வேண்டாம் என்று ஒதுக்கியிருப்பீர்கள். ராத்திரி போனைச் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்கி எழுந்தால் அப்டேட் முடிந்திருக்கும். கூடவே, வேண்டாம் என்று ஒதுக்கியது திரும்ப வந்திருக்கும். நிறையப் பேர் உடனே "நாம்தான் எங்கேயோ தப்பாகத் தொட்டிருப்போம்" என்று தங்களையே சந்தேகப்படுகிறார்கள். அந்தச் சந்தேகத்தை முதலில் விடுங்கள். அப்டேட்டுகள் பயனரின் தேர்வை மாற்றியதற்குப் பொதுவெளியில் பதிவான உதாரணங்கள் பல இருக்கின்றன, சிலவற்றை நிறுவனங்களே ஒப்புக்கொண்டும் இருக்கின்றன.

இந்தக் கட்டுரை போனை ஓரளவு பயன்படுத்தத் தெரிந்த, ஆனால் செட்டிங்ஸ் பக்கம் அதிகம் போகாதவர்களுக்கானது. மெனு பெயர்களைத் திரையில் எப்படி வருமோ அப்படியே தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். உங்கள் மாடலில் ஓரிரு சொல் மாறலாம். அப்போது செட்டிங்ஸின் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் "அசிஸ்டென்ட்", "வாய்ஸ்", "சைடு பட்டன்" என்று ஆங்கிலத்தில் அடித்துப் பாருங்கள். பாதை தேடி அலைவதைவிட அது வேகமானது.

என்ன மாதிரி மாற்றம் என்று முதலில் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லா மாற்றமும் ஒரே வகை இல்லை. மூன்று வகை உண்டு, ஒவ்வொன்றுக்கும் செய்ய வேண்டியது வேறு.

முதல் வகை, பிழை. 2019-இல் சிரியின் ஒலிப்பதிவுகளை ஒப்பந்த ஊழியர்கள் கேட்கிறார்கள் என்ற செய்தி வெளியானது. ஆப்பிள் அந்த வேலையை நிறுத்தி, மன்னிப்பும் கேட்டது. ஐஃபோனின் மென்பொருளான ஐஓஎஸ் 13.2 முதல், பயனர் சம்மதித்தால்தான் ஒலிப்பதிவைப் பகிர்வது என்று மாற்றியது. "இம்ப்ரூவ் சிரி அண்ட் டிக்டேஷன்" என்ற சுவிட்ச் வந்தது அப்போதுதான். ஆனால் ஐஓஎஸ் 15-இல் வந்த ஒரு பிழை, வேண்டாம் என்று சொன்னவர்களில் ஒரு சிறு பகுதியினருக்கு அந்த சுவிட்சைத் தானாகவே ஆன் செய்துவிட்டது. 2022 பிப்ரவரியில் ஆப்பிள் இதை உறுதிப்படுத்தி, 15.4 பதிப்பில் சரிசெய்தது. வேண்டுமென்று செய்ததில்லை என்றாலும், பாதிக்கப்பட்டவருக்கு விளைவு ஒன்றுதான்: ஆஃப் என்று நம்பிய சுவிட்ச் ஆனில் இருந்திருக்கிறது.

இரண்டாவது வகை, இயல்புநிலையையே, அதாவது நாம் எதையும் தொடாதபோது சுவிட்ச் இருக்கும் நிலையையே, மாற்றுவது. ஆப்பிளின் ஏஐ வசதிகளான ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் 2024 அக்டோபரில் ஐஓஎஸ் 18.1-இல் வந்தபோது, வேண்டியவர்கள் ஆன் செய்துகொள்ளலாம் என்று இருந்தது. 2025 ஜனவரியில் 18.3 வந்தபோது, அதைத் தாங்கும் ஐஃபோன்களில் தானாகவே ஆன் ஆகும் என்று மாறியது. அதற்கு அடுத்த சிறு அப்டேட்டில், ஆஃப் செய்தது திரும்ப ஆன் ஆனதாகப் பலர் புகார் சொன்னார்கள். சாம்சங் போன்களின் மென்பொருளான ஒன் யூஐ 7 வந்தபோது, பக்கவாட்டு பட்டனை அழுத்திப் பிடித்தால் சாம்சங்கின் சொந்த அசிஸ்டென்ட்டான பிக்ஸ்பிக்குப் பதில் ஜெமினி வரும் என்று இயல்புநிலை மாறியது.

மூன்றாவது வகைதான் மோசமானது. தேர்வு செய்யும் வசதியையே எடுத்துவிடுவார்கள். விண்டோஸ் 10-இன் 2016 ஆகஸ்ட் அப்டேட்டில் மைக்ரோசாஃப்டின் குரல் உதவியாளரான கோர்ட்டானாவை ஆஃப் செய்யும் எளிய சுவிட்ச் காணாமல் போனது. 2017-இல் சாம்சங் கேலக்ஸி எஸ்8-இல் பிக்ஸ்பிக்கென்றே ஒரு பட்டன் வைத்தார்கள். அதை வேறு வேலைக்கு மாற்றித்தரும் ஆப்கள் வந்ததும், அப்டேட் அனுப்பி அந்த வழியை அடைத்தார்கள். 2019-இல்தான் அந்தப் பட்டனுக்கு வேறு ஆப் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்தார்கள், அதிலும் போட்டி அசிஸ்டென்ட்டுகளுக்கு இடமில்லை. 2025 மார்ச் 28 அன்று அமேசான், அமெரிக்காவில் அலெக்ஸா ஓடும் சில எக்கோ கருவிகளில் இருந்த "குரல் பதிவை அனுப்பாதே" என்ற வசதியை நிறுத்தியது. அதுவரை கருவிக்குள்ளேயே கையாளப்பட்ட பேச்சு, அன்றிலிருந்து அமேசானின் சர்வருக்குப் போக ஆரம்பித்தது.

பிழை என்றால் திரும்ப ஆஃப் செய்து புகார் கொடுத்தால் போதும். இயல்புநிலை மாற்றம் என்றால் இன்னும் ஆழமான ஓர் இடத்தில் பூட்ட வேண்டும். வசதியே போய்விட்டது என்றால் மைக்கை வன்பொருள் அளவில் அடைப்பது, அல்லது கருவியை மாற்றுவது. வேறு வழி கிடையாது.

அப்டேட் மூன்று வாசல் வழியாக வருகிறது

புதியவர்கள் அதிகம் குழம்புவது இங்கேதான். "நான்தான் அப்டேட்டே போடவில்லையே, எப்படி மாறியது?" என்று கேட்பார்கள். பெரிய சிஸ்டம் அப்டேட் ஒரு வாசல். ஆண்ட்ராய்டில் அசிஸ்டென்ட் என்பது கூகுள் ஆப்புக்குள் இருக்கிறது. அந்த ஆப் பிளே ஸ்டோர் வழியாகத் தனியாக, சத்தமில்லாமல் அப்டேட் ஆகும். இது இரண்டாவது வாசல். மூன்றாவது, நிறுவனத்தின் சர்வர். உங்கள் போனில் புதிதாக எதுவுமே இறங்காமல், அவர்கள் பக்கம் ஒரு சுவிட்சைத் திருப்பினால் உங்கள் பக்கம் நடத்தை மாறும். அமேசான் செய்தது இந்த வகை. ஒரே வீட்டில் ஒரே மாடல் இரண்டு போன் இருந்து, ஒன்றில் மட்டும் மாற்றம் தெரிந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். படிப்படியாகத் திறந்துவிடுவார்கள்.

ஆகவே அப்டேட்டையே நிறுத்தி வைப்பது தீர்வாகாது. பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதும் அதே அப்டேட்டுகள்தான். யுபிஐ, வங்கி ஆப் எல்லாம் இருக்கும் போனில் அப்டேட்டை நிறுத்துவது அசிஸ்டென்ட் தொல்லையைவிடப் பெரிய ஆபத்து. நான் யாருக்கும் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். செய்யக்கூடியது, நேரத்தை நம் கையில் எடுத்துக்கொள்வது. ஐஃபோனில் செட்டிங்ஸ் → ஜெனரல் → சாஃப்ட்வேர் அப்டேட் → ஆட்டோமேட்டிக் அப்டேட்ஸ் போய், தானாக இன்ஸ்டால் ஆவதை ஆஃப் செய்யுங்கள். அதே திரையில் பாதுகாப்புத் திருத்தங்களுக்குத் தனி சுவிட்ச் இருந்தால் அதை ஆனிலேயே விடுங்கள். அப்புறம் அப்டேட் அறிவிப்பு வந்தால், அந்த வார ஞாயிற்றுக்கிழமை காலையில் உட்கார்ந்து நீங்களே போடுங்கள். தள்ளிக்கொண்டே போகாதீர்கள்.

படி 1: இப்போதைய நிலையைப் படம் பிடியுங்கள்

எதை எப்படி வைத்திருந்தோம் என்று நினைவில் இல்லாவிட்டால், மாறியது தெரியவே தெரியாது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு திரைக்கும் போகும்போது ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, கேலரியில் தனி ஆல்பத்தில் போடுங்கள். போனின் சாஃப்ட்வேர் பதிப்பு எண் தெரியும் திரையையும் எடுங்கள். ஆண்ட்ராய்டில் செட்டிங்ஸ் → அபவுட் போன், ஐஃபோனில் செட்டிங்ஸ் → ஜெனரல் → அபவுட். பிற்பாடு புகார் எழுதும்போது, "இந்தப் பதிப்பில் ஆஃப், அடுத்த பதிப்பில் ஆன்" என்று தேதியோடு காட்ட இந்த இரண்டு படமும் போதும்.

படி 2: அப்டேட் முடிந்ததும் வரும் வரவேற்புத் திரைகளில் அவசரப்படாதீர்கள்

என் கணிப்பில், பாதிப் பேரின் செட்டிங்ஸ் மாறுவது இங்கேதான். பெரிய அப்டேட் முடிந்து போன் எழுந்ததும் "புதியது என்ன" என்று வரிசையாகத் திரைகள் வரும். கீழே பளிச்சென்று, அகலமாக "கன்டினியூ" பட்டன். அதற்குக் கீழே பின்னணியே இல்லாமல், சின்ன எழுத்தில் "செட் அப் லேட்டர்" அல்லது "நாட் நௌ". அவசரமாக ஆபீஸ் கிளம்பும்போது யார் அந்தச் சின்ன எழுத்தைப் படிப்பார்கள்? பெரிய பட்டனை நாலு தடவை தட்டிவிட்டுப் போய்விடுவோம். அதில் ஒரு தட்டு சிரியை ஆன் செய்திருக்கும். நிறுவனத்தின் கணக்கில் அது "பயனரின் சம்மதம்".

விண்டோஸிலும் இதே கதைதான். "உங்கள் கம்ப்யூட்டர் அமைப்பை முடிப்போம்" என்ற நீலத்திரை அவ்வப்போது வரும். ஆண்ட்ராய்டில் "உங்கள் போன் அமைப்பை முடியுங்கள்" என்று நோட்டிபிகேஷன் வரும். எது வந்தாலும் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: பெரிய பட்டனைத் தொடும் முன் திரையின் அடிவரை ஒருமுறை பாருங்கள். ஒரு திரைக்குப் பத்து விநாடி போதும்.

படி 3: ஆண்ட்ராய்டு

இங்கே வேலை கொஞ்சம் அதிகம். ஒரே விஷயத்துக்கு நான்கு இடத்தில் சுவிட்ச் இருக்கிறது.

முதலில் செட்டிங்ஸ் → ஆப்ஸ் → டீஃபால்ட் ஆப்ஸ் → டிஜிட்டல் அசிஸ்டென்ட் ஆப். சாம்சங்கில் "சூஸ் டீஃபால்ட் ஆப்ஸ்" என்று இருக்கும். அசிஸ்டென்ட்டே வேண்டாம் என்றால் இங்கே "நன்" தேர்ந்தெடுங்கள். இதில் ஒரு பொறி இருக்கிறது. இங்கே "கூகுள்" என்று காட்டினால், அது பழைய அசிஸ்டென்ட்டா ஜெமினியா என்று இந்தத் திரை சொல்லாது. இரண்டுமே கூகுள் ஆப் வழியாகத்தான் ஓடுகின்றன. எனவே இங்கே ஒன்றும் மாறவில்லையே என்று திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

அந்த வேறுபாட்டைப் பார்க்க ஜெமினி ஆப்பைத் திறந்து, மேலே உங்கள் படத்தைத் தொட்டு, செட்டிங்ஸ் → டிஜிட்டல் அசிஸ்டென்ட்ஸ் ஃப்ரம் கூகுள் போங்கள். பழைய கூகுள் அசிஸ்டென்டுக்குத் திரும்பும் வழி உங்கள் போனில் இன்னும் இருந்தால் இங்கேதான் இருக்கும். ஆனால் இந்த வழியை நம்பித் திட்டம் போடாதீர்கள். 2025 மார்ச்சில் கூகுள், பெரும்பாலான போன்களில் பழைய அசிஸ்டென்டை எடுத்துவிட்டு ஜெமினியை வைக்கப்போவதாக அறிவித்தது. அந்த ஆண்டு இறுதிக்குள் என்றார்கள், பிறகு 2026-க்குத் தள்ளினார்கள். தள்ளிப்போனாலும் திசை மாறவில்லை. இது மேலே சொன்ன மூன்றாவது வகை என்று எடுத்துக்கொண்டு, ஜெமினியோடு இருப்பதா, எதுவுமே வேண்டாமா என்று இப்போதே முடிவு செய்வது நல்லது.

ஜெமினியை வைத்துக்கொள்கிறீர்கள் என்றால் அதே மெனுவில் "கனெக்டட் ஆப்ஸ்" என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். போன், மெசேஜஸ், வாட்ஸ்அப் ஆகியவற்றை ஜெமினி தொடலாமா என்பதை முடிவுசெய்யும் சுவிட்சுகள் இங்கே இருக்கின்றன. 2025 ஜூலை 7 முதல் இந்த ஆப்களில் ஜெமினி உதவும் என்று கூகுள் பயனர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பியது. செயல்பாட்டைச் சேமிக்கும் சுவிட்ச் ஆனில் இருந்தாலும் ஆஃபில் இருந்தாலும் இது பொருந்தும் என்று அதிலேயே சொன்னார்கள். எங்கே போய் ஆஃப் செய்வது என்று அந்த மின்னஞ்சலில் தெளிவாக இல்லை என்று பலர் குறைப்பட்டார்கள். இந்தப் பகுதியின் பெயரும் நிலையாக இல்லை. முதலில் "எக்ஸ்டென்ஷன்ஸ்", பிறகு "ஆப்ஸ்", இப்போது "கனெக்டட் ஆப்ஸ்". பழைய குறிப்புகளைப் படித்துத் தேடுபவர்களுக்கு இது தலைவலி. பெயரை விட்டுவிட்டு, உள்ளே வாட்ஸ்அப் படம் தெரிகிறதா என்று பாருங்கள்.

அடுத்து பவர் பட்டன். 2021-இல் ஆண்ட்ராய்டு 12 வந்த காலத்திலிருந்து, பல போன்களில் பவர் பட்டனை அழுத்திப் பிடித்தால் போன் அணையாது, அசிஸ்டென்ட் வரும். சாம்சங்கில் செட்டிங்ஸ் → அட்வான்ஸ்டு ஃபீச்சர்ஸ் → சைடு பட்டன், பிக்சல் போன்ற போன்களில் செட்டிங்ஸ் → சிஸ்டம் → ஜெஸ்சர்ஸ் → பிரஸ் அண்ட் ஹோல்ட் பவர் பட்டன். இரண்டிலும் பவர் மெனு வரும்படி மாற்றிக்கொள்ளலாம்.

இதைச் சின்ன விஷயமாக நினைக்காதீர்கள். எங்கள் பெரியப்பா ஒருநாள் போன் செய்து, "தம்பி, இதை ஆஃப் பண்ணவே முடியல. அமுக்கினா ஒரு பொண்ணு பேசுது" என்றார். பக்கத்துத் தெருக் கடையில் காட்டியிருக்கிறார். "சாஃப்ட்வேர் போச்சு, ஃபார்மட் பண்ணணும்" என்றிருக்கிறார்கள். செய்திருந்தால் பேத்தியின் காதுகுத்துப் படங்கள் எல்லாம் போயிருக்கும், காசும் போயிருக்கும். நடந்தது என்னவென்றால், ராத்திரி ஓர் அப்டேட், அதில் பட்டனின் வேலை மாறிவிட்டது. அவ்வளவுதான். பவர் பட்டனையும் வால்யூம் அப் பட்டனையும் சேர்த்து அமுக்கச் சொன்னேன், பவர் மெனு வந்தது. அடுத்த தடவை ஊருக்குப் போனபோது செட்டிங்ஸில் மாற்றிக் கொடுத்தேன். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த இரண்டு பட்டன் வழியை மட்டுமாவது, அவர்கள் போனில் முதலில் சோதித்துவிட்டு (சில மாடல்களில் வால்யூம் டவுன் பட்டன்), ஒரு தாளில் எழுதி, போன் கவருக்குள் வையுங்கள்.

கடைசியாக, என் பார்வையில் மிக உறுதியான பூட்டு: மைக் அனுமதி. செட்டிங்ஸ் → ஆப்ஸ் → கூகுள் → பர்மிஷன்ஸ் → மைக்ரோஃபோன் → டோன்ட் அலவ். அசிஸ்டென்ட் செட்டிங்ஸ் எல்லாம் அந்த ஆப்புக்குள் இருப்பவை, அந்த ஆப்பின் அப்டேட் அவற்றை மாற்றலாம். மைக் அனுமதியோ ஆண்ட்ராய்டின் கையில் இருக்கிறது. ஆப் எத்தனை முறை அப்டேட் ஆனாலும், மறுத்த அனுமதியை அது தானாக எடுத்துக்கொள்ள முடியாது, திரும்பக் கேட்கத்தான் முடியும். கேட்கும் பெட்டி வரும்போது யோசித்து பதில் சொல்லுங்கள். இதற்கு ஒரு விலை உண்டு: கூகுள் தேடலில் குரலால் தேடுவது நிற்கும், சில போன்களில் கீபோர்டில் பேசித் தட்டச்சு செய்வதும் தடைபடலாம். தமிழில் பேசியே வாட்ஸ்அப் செய்தி அனுப்புகிறவர் என்றால் இந்தப் பூட்டு உங்களுக்குச் சரிவராது. அப்போது "நன்" தேர்வோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

படி 4: ஐஃபோன்

செட்டிங்ஸில் "சிரி" என்றோ "ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் அண்ட் சிரி" என்றோ இருக்கும். உள்ளே "டாக் அண்ட் டைப் டு சிரி" பகுதியில் அழைப்புச் சொல்லையும் ("ஹே சிரி" போன்றது) சைடு பட்டனையும் ஆஃப் செய்தால் சிரி முழுதாக நின்றுவிடும். சிரி இருக்கட்டும் என்றால், "அலவ் சிரி வென் லாக்ட்" என்பதையாவது ஆஃப் செய்யுங்கள். பூட்டிய போனிடம் மற்றவர்கள் பேசி விவரம் எடுப்பதை அது தடுக்கும். ஆப்பிள் இன்டெலிஜென்ஸ் சுவிட்சும் இந்தத் திரையில்தான். ஐஃபோன் 15, 15 பிளஸ் அல்லது அவற்றுக்கு முந்தைய மாடல் என்றால் அது உங்களுக்கு இருக்காது, தேட வேண்டாம்.

ஒலிப்பதிவைப் பகிரும் சுவிட்ச் மட்டும் வேறு இடத்தில் இருக்கிறது, பலர் தவறவிடுவது இதைத்தான். செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → அனலிட்டிக்ஸ் அண்ட் இம்ப்ரூவ்மென்ட்ஸ் → இம்ப்ரூவ் சிரி அண்ட் டிக்டேஷன். ஐஓஎஸ் 15 பிழையில் மாறிய அதே சுவிட்ச் இதுதான். சிரியை முழுதாக ஆஃப் செய்தவர்களும் இதைத் தனியாகப் பாருங்கள். ஏற்கனவே போன பதிவுகளை அழிக்க, சிரி திரையிலேயே "சிரி அண்ட் டிக்டேஷன் ஹிஸ்டரி" இருக்கிறது.

ஐஃபோனிலும் ஆழமான பூட்டு ஒன்று உண்டு. செட்டிங்ஸ் → ஸ்கிரீன் டைம் → கன்டென்ட் அண்ட் பிரைவசி ரெஸ்ட்ரிக்‌ஷன்ஸ் போய் அதை ஆன் செய்து, அனுமதிக்கப்பட்ட ஆப்களின் பட்டியலில் "சிரி அண்ட் டிக்டேஷன்" என்பதை ஆஃப் செய்யுங்கள். ஸ்கிரீன் டைமுக்குத் தனி பாஸ்கோடு போடுங்கள். பிள்ளைகளின் போனுக்காக வைத்த கட்டுப்பாடு இது, ஆனால் நம் போனுக்கும் நாமே போட்டுக்கொள்ளலாம். அப்டேட்டுக்குப் பிறகு சிரி திரையில் எந்த சுவிட்ச் எப்படி நின்றாலும், இந்தத் தடை அதற்கு மேல் நிற்கும். இதிலும் விலை அதேதான், கீபோர்டின் மைக் போய்விடும்.

படி 5: எக்கோ, டிவி, கம்ப்யூட்டர்

எக்கோ வைத்திருப்பவர்கள் அலெக்ஸா ஆப்பில் மோர் → அலெக்ஸா பிரைவசி → மேனேஜ் யுவர் அலெக்ஸா டேட்டா போய், பதிவுகளை எவ்வளவு நாள் வைப்பது, சேவையை மேம்படுத்தப் பயன்படுத்தலாமா என்ற இரண்டையும் பாருங்கள். "பதிவைச் சேமிக்காதே" என்றால் "பதிவை அனுப்பாதே" என்று அர்த்தம் இல்லை. பேச்சு சர்வருக்குப் போகும், வேலை முடிந்ததும் அழிக்கப்படும். போகவே கூடாது என்றால் கருவியின் மேலுள்ள மைக் பட்டன்தான் வழி. அழுத்தினால் சிவப்பு விளக்கு எரியும், மைக் மின்னளவில் துண்டிக்கப்படும். மற்ற சுவிட்சுகளைவிட நான் நம்புவது இதை. படுக்கையறையில் வைத்திருந்தால் ராத்திரி அதை அழுத்தும் பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியைப் பலர் மறந்துவிடுகிறார்கள். 2025 டிசம்பரில் சில எல்ஜி டிவிகளில் அப்டேட்டோடு மைக்ரோசாஃப்டின் ஏஐ உதவியாளரான கோபைலட்டின் ஐகான் வந்து உட்கார்ந்தது, நீக்க வழியில்லாமல் இருந்தது. எதிர்ப்பு கிளம்பிய பிறகுதான் நீக்கும் வசதி தருவதாக நிறுவனம் சொன்னது. டிவியில் குரல் வசதிக்கான ஒப்புதல் பக்கம் தனியாக இருக்கும். பெரும்பாலும் பிரைவசி அல்லது யூசர் அக்ரிமென்ட்ஸ் என்ற தலைப்பில். அப்டேட்டுக்குப் பிறகு அதில் தேவையில்லாத டிக்குகளை எடுங்கள்.

விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ் → பிரைவசி அண்ட் செக்யூரிட்டி → வாய்ஸ் ஆக்டிவேஷன், அதே பட்டியலில் மைக்ரோஃபோன், ஸ்பீச். கோபைலட் ஆப் வேண்டாம் என்றால் இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலில் இருந்து நீக்கலாம். சுவாரசியமாக, 2025 மார்ச் அப்டேட் ஒன்று சிலருடைய கம்ப்யூட்டரில் கோபைலட்டைத் தவறுதலாக நீக்கிவிட்டது. மைக்ரோசாஃப்ட் அதை உடனே பிழை என்று அறிவித்துச் சரிசெய்தது. வேண்டாதவர்களுக்குத் தானாக வந்து சேரும்போதும் அதே வேகத்தில் அது பிழை என்று ஒப்புக்கொள்ளப்பட வேண்டும்.

படி 6: அப்டேட்டுக்குப் பிந்தைய சோதனை

செட்டிங்ஸ் திரைகளைப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள், நடத்தையைச் சோதியுங்கள். போனைப் பூட்டி மேசைமேல் வைத்து "ஹே கூகுள்" என்றோ "ஹே சிரி", "சிரி" என்றோ சொல்லுங்கள். பவர் பட்டனை அழுத்திப் பிடியுங்கள். திரையின் கீழ் மூலையிலிருந்து விரலை உள்நோக்கி இழுங்கள், பல ஆண்ட்ராய்டு போன்களில் அது அசிஸ்டென்டை அழைக்கும் சைகை. இயர்போன் மாட்டி அதன் பட்டனையும் அழுத்துங்கள், கார் இருந்தால் ஸ்டீயரிங்கில் உள்ள குரல் பட்டனையும். எது பதில் சொல்கிறது என்று பாருங்கள்.

மைக் ஓடும்போது திரையின் மேலே புள்ளி தெரியும். ஐஃபோனில் ஐஓஎஸ் 14 முதல் ஆரஞ்சு, ஆண்ட்ராய்டில் 12 முதல் பச்சை. எந்த ஆப்பும் திறக்காதபோது அது எரிந்தால், மேலிருந்து திரையை இழுத்து எந்த ஆப் என்று பாருங்கள். அழைப்புச் சொல்லுக்காகக் காத்திருக்கும் வேலை தனிச் சில்லு (சிப்) வழியாக நடப்பதால் அதற்குப் புள்ளி எரியாது. அதனால் புள்ளி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவுக்கு வராமல், பேசிப் பார்ப்பதையும் செய்யுங்கள்.

அப்புறம் கணக்குப் பக்கம். கூகுள் கணக்கின் மை ஆக்டிவிட்டி பக்கத்தில் ஜெமினி, அசிஸ்டென்ட் இரண்டையும் திறந்து, நீங்கள் ஆஃப் என்று நினைத்த நாட்களில் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். ஜெமினியின் சேமிப்பு சுவிட்ச் இப்போது "கீப் ஆக்டிவிட்டி" என்ற பெயரில் இருக்கிறது. அதை ஆஃப் செய்தாலும் உரையாடல் 72 மணி நேரம் வரை வைக்கப்படும் என்று கூகுளே சொல்கிறது. ஆஃப் செய்த மறுநிமிடமே எல்லாம் மறைந்துவிடும் என்று எண்ண வேண்டாம்.

குரல்தான் வழி என்று இருப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது வேண்டாம் என்பவர்களுக்கு. பார்வைக் குறைபாடு உள்ளவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் ஆகியோருக்குப் பிரச்சினை நேரெதிர். அவர்களுக்குப் பழகிய அசிஸ்டென்ட் போய்ப் புதியது வந்துவிடுகிறது. "அண்ணனுக்குப் போன் போடு" என்றால் உடனே அழைத்தது, இப்போது பதிலுக்குப் பேச ஆரம்பிக்கிறது. 2024 பிப்ரவரியில் ஜெமினி அசிஸ்டென்டுக்கு மாற்றாக வந்தபோது, பழைய அசிஸ்டென்டின் எல்லா வேலைகளும் அதில் இல்லை என்று கூகுளே சொன்னது. பிறகு பலதும் சேர்ந்திருக்கிறது. ஆனாலும் கண் தெரியாத ஒருவருக்கு ஒரு வாரம் போன் போட முடியாமல் போவது சின்ன இழப்பா? அவசரத்துக்கு யாரைக் கூப்பிடுவார்?

இவர்களின் போனில் தானியங்கி அப்டேட்டை ஆஃப் செய்து, வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் போடுங்கள். அவர் தினமும் சொல்லும் கட்டளைகளை, அவர் சொல்லும் அதே தமிழில், எழுதி வையுங்கள். அப்டேட் முடிந்ததும் ஒவ்வொன்றையும் அவரையே சொல்லச் சொல்லிச் சோதியுங்கள். உங்கள் குரலில் வேலை செய்வது அவர் குரலில் செய்யாமல் போகலாம். அவர் குரலை அடையாளம் காணும் வாய்ஸ் மேட்ச் அழிந்திருந்தால் திரும்பப் பதிய வேண்டும். மொழி ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறதா என்று பாருங்கள். ஜெமினி ஆப் இந்தியாவுக்கு 2024 ஜூனில் வந்தபோதே தமிழும் அதில் இருந்தது, எனவே தமிழைத் திரும்பத் தேர்ந்தெடுக்க முடியும். மாற்று ஏற்பாடாக, முகப்புத் திரையில் இரண்டு மூன்று எண்களைப் பெரிய ஐகானாக வையுங்கள். திரையைப் படித்துச் சொல்லும் டாக்பேக் பயன்படுத்துகிறவர் என்றால் அதன் வால்யூம் பட்டன் குறுக்குவழியும் வேலை செய்கிறதா என்று சோதியுங்கள்.

படி 7: புகார் கொடுங்கள்

"நாலு பேர் சொன்னால் கேட்கவா போகிறார்கள்" என்று விட்டுவிடாதீர்கள். எல்ஜி இறங்கி வந்ததும், சாம்சங் 2019-இல் பட்டனை ஓரளவாவது திறந்துவிட்டதும் பயனர்கள் விடாமல் கேட்டதால்தான். சரியாக நடந்துகொள்ளவும் நிறுவனங்களுக்குத் தெரியும். 2020 ஆகஸ்டில் கூகுள், குரல் பதிவைச் சேமிக்கும் அமைப்பை எல்லோருக்கும் ஆஃப் செய்துவிட்டு, வேண்டியவர்கள் புதிய விளக்கத்தைப் படித்துத் திரும்ப ஆன் செய்துகொள்ளுங்கள் என்று மின்னஞ்சல் அனுப்பியது. கொள்கை மாறும்போது செய்ய வேண்டியது இதுதான்: ஆஃபில் வைத்துக் கேட்பது.

புகாரைச் சுருக்கமாக எழுதுங்கள். போன் மாடல், அப்டேட்டுக்கு முந்தைய பதிப்பு எண், பிந்தையது, எந்த சுவிட்ச், முன்பு என்ன நிலை, இப்போது என்ன நிலை, உங்களிடம் அனுமதி கேட்கப்பட்டதா இல்லையா. படி 1-இல் எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளை இணையுங்கள். கூகுள், ஜெமினி ஆப்களில் உங்கள் படத்தைத் தொட்டால் வரும் மெனுவில் ஹெல்ப் அண்ட் ஃபீட்பேக் இருக்கும், சாம்சங்கில் சாம்சங் மெம்பர்ஸ் ஆப், ஆப்பிளுக்கு அதன் ஃபீட்பேக் பக்கம், விண்டோஸில் ஃபீட்பேக் ஹப்.

இந்தியாவில் இருப்பவர்கள் இன்னொன்றையும் குறிப்பிடலாம். 2023-இல் நிறைவேறிய டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், ஒப்புதலைத் திரும்பப் பெறுவது ஒப்புதல் கொடுத்த அளவுக்கே எளிதாக இருக்க வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகின, முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் கொடுத்திருக்கிறார்கள். அந்த அவகாசம் முடியும் முன்பே, நிறுவனத்தின் குறைதீர் அலுவலருக்கு எழுதி வைக்கத் தடையில்லை. முகவரி அவர்களின் பிரைவசி பாலிசியின் அடியில் இருக்கும். பதில் வந்தால் அந்த மின்னஞ்சலையும் அதே ஸ்கிரீன்ஷாட் ஆல்பத்தோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த அப்டேட்டில் அதே சுவிட்ச் மாறினால் பழைய புகார் எண்ணோடு தொடங்கலாம்.